பெட்டி பெட்டியாக வந்த வினாத்தாள்



தவணைப் பரீட்சை நெருங்கும்போதெல்லாம் பசறை, லுணுகலை, ஹாலி-எல, தெமோதரைப் பக்கத்துப் பாடசாலைகளிலிருந்து எங்களிடம் கேட்கப்படும் கேள்வி ஒன்றுதான். "ஐசிடி ரூமில கிடக்கிற பழைய கொம்பியூட்டர்கள என்ன செய்றது சேர்? கழிச்சு விடவா?" போன தவணையில் எங்கள் பாடசாலையில் செய்த வேலையைக் கேள்விப்பட்டு இன்னும் பலர் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் வாட்ஸ்அப்பில் தனித்தனியாகப் பதில் எழுதி முடியவில்லை. ஆகவே முழுவதையும் இங்கே எழுதுகிறோம். பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாக வாசியுங்கள்.

நாங்கள் என்றால் மூன்று ஆசிரியர்கள், சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்காகக் காத்திருந்த நான்கு தோட்டத்துப் பிள்ளைகள். எங்களில் யாரும் கணினிப் பொறியியலாளர் இல்லை.

ஏன் இந்த வேலையில் இறங்கினோம் என்பதை முதலில் சொல்ல வேண்டும். தோட்டப்புறப் பாடசாலைகளில் வினாத்தாள் எப்படித் தயாராகிறது என்பது இங்குள்ள ஆசிரியர்களுக்குத் தெரியும். வீட்டில் இரவிரவாக டைப் செய்து, பென் டிரைவில் போட்டு, பஸ் ஏறி டவுனுக்குப் போய், ஒரு கொமியுனிகேஷனில் வரிசையில் நின்று அடித்துக்கொண்டு வருவோம். அங்குள்ள கணினியில் எங்கள் எழுத்துரு இருந்தால் தப்பினோம். இல்லாவிட்டால் நடுவில் நடுவில் எழுத்துக்குப் பதிலாகக் கட்டம் விழும். மாலை ஐந்து மணிக்குக் கடைசி பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் அதை யார் பக்கம் பக்கமாகப் பார்ப்பது?

ஒருமுறை அப்படி வந்த தாளைத் தூக்கிக்கொண்டு தரம் 4 பிள்ளை ஒன்று மேசைக்கு வந்து கேட்டது. "டீச்சர், இந்தப் பொட்டி எழுத்த நீங்க இன்னும் எங்களுக்குச் சொல்லித் தரலயே?"

தாள் பிழை என்று அந்தப் பிள்ளைக்குத் தோன்றவில்லை. தனக்குத்தான் தெரியவில்லை என்று நினைத்துவிட்டது. லயத்தில் படித்துக் கொடுக்க ஆளில்லாத பிள்ளைகள் எப்போதும் அப்படித்தான் நினைக்கும். பரீட்சைத் தாளை நாங்களே, எங்கள் பாடசாலையிலேயே, பார்த்துப் பார்த்து அடிக்க வேண்டும் என்ற எண்ணம் அன்றுதான் உறுதியானது.

புதிய கணினி வாங்கும் நிலைமை இல்லை. 2022 இன் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் இருந்த டொலர் அந்த வருட மே மாதத்தில் 350 ரூபாவையும் தாண்டியது. கணினி, டோனர், தாள் எல்லாமே அதோடு ஏறின. அந்த வருடம் மார்ச் மாதத்தில் மேல் மாகாணத்தில் தாள் தட்டுப்பாட்டால் தவணைப் பரீட்சைகளே பிற்போடப்பட்டன. கொழும்பிலேயே அப்படியென்றால் நமுனுகுலை மலையடிவாரத்தில் கேட்கவும் வேண்டுமா? போதாக்குறைக்கு 2025 ஒக்டோபர் 14 உடன் விண்டோஸ் 10 இற்கான பாதுகாப்புப் புதுப்பிப்புகள் பொதுவாக நின்றுவிட்டன. விண்டோஸ் 11 எங்களிடம் உள்ள பழைய இயந்திரங்களை ஏற்காது.

அதனால் லினக்ஸ் மின்டைப் பதிந்தோம். இலவசம். 2 ஜிபி ராம் இருந்தாலே ஓடும், 4 இருந்தால் சுகமாக ஓடும். லினக்ஸ் 1991 இல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதத் தொடங்கியது. அதன் மூதாதை யூனிக்ஸ், 1969 இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் பிறந்தது. ஆவணங்களைத் தயாரித்து அச்சிடும் ஏற்பாடு ஒன்றைச் செய்து தருகிறோம் என்று சொல்லித்தான் கென் தொம்சனும் டெனிஸ் ரிட்சியும் யூனிக்ஸுக்குப் புதிய இயந்திரம் ஒன்றைப் பெற்றார்கள். அதை முதலில் பாவித்தவர்கள் அந்த நிறுவனத்தின் காப்புரிமைப் பிரிவில் டைப் செய்தவர்கள்.

இன்னொரு கதையும் உண்டு. 1980 அளவில் எம்.ஐ.டி. பல்கலைக்கழக ஆய்வுகூடம் ஒன்றுக்கு செரொக்ஸ் லேசர் பிரின்டர் ஒன்று வந்தது. அதில் தாள் அடிக்கடி சிக்கும். சிக்கியது வேறு மாடியில் இருப்பவர்களுக்குத் தெரியாது. பழைய பிரின்டருக்குச் செய்தது போல, சிக்கினால் எல்லோருக்கும் செய்தி போகும்படி மென்பொருளைத் திருத்த ரிச்சர்ட் ஸ்டால்மன் விரும்பினார். மூல நிரலைக் கேட்டார். கிடைக்கவில்லை. அந்த ஏமாற்றமும் சேர்ந்துதான் 1983 இல் குனூ திட்டத்தை அறிவிக்கும் அளவுக்கு அவரைக் கொண்டுபோனது. நாங்கள் இன்று இலவசமாகப் பாவிக்கும் இந்த மென்பொருள்களின் வரலாற்றில் தாள் சிக்கிய ஒரு பிரின்டருக்கும் பங்கு இருக்கிறது.

இனி வேலைக்கு வருவோம். நாங்கள் படித்துக்கொண்ட பெரிய பாடம் இதுதான்: "மெஷின் செத்துப்போச்சு" என்று ஒரு வார்த்தையில் முடிக்கக் கூடாது. ஒரு வினாத்தாள் கணினியிலிருந்து பிள்ளையின் கைக்குப் போக நான்கு படிகளைத் தாண்டுகிறது. திரை, எழுத்து, வரிசை, தாள். எந்தப் படியில் நின்றது என்று பார்த்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

முதலாவது, திரை. இரண்டு கணினிகள் ஓன் ஆகி, லினக்ஸ் பெயரைக் காட்டிவிட்டுக் கறுப்பாகிவிட்டன. இரண்டிலும் தனிக் கிராபிக்ஸ் கார்ட் பூட்டியிருந்தது. லினக்ஸ் தொடங்கும்போதே திரையின் அளவைத் தானே அமைக்கப் பார்க்கும். சில பழைய கார்ட்கள் அதற்கு இணங்காது. தொடக்க மெனுவில் ஆங்கில 'ஈ' எழுத்தை அழுத்தி, லினக்ஸ் என்று தொடங்கும் வரியின் கடைசியில் 'நோமோட்செட்' என்ற சொல்லைச் சேர்த்து, எஃப் 10 ஐ அழுத்தினோம். திரை வந்தது. ஆனால் இது தற்காலிக வைத்தியம். பிறகு ஒன்றில் கார்டையே கழற்றிவிட்டு, மதர்போர்டில் இருக்கும் விஜிஏ வாயிலில் மானிட்டரைக் கொழுவினோம். அதற்குப் பிறகு அந்தச் சொல்லும் தேவைப்படவில்லை. வினாத்தாள் அடிக்கத் தனிக் கார்ட் எதற்கு?

வேறொரு கணினியில் திரை வந்தது, ஆனால் எல்லாம் பெரிது பெரிதாக, 800க்கு 600 அளவில். ஜன்னலின் கீழ்ப்பகுதியிலுள்ள பொத்தான்கள் திரைக்கு வெளியே போய்விடும். இதற்கு நாங்கள் இரண்டு நாள் மென்பொருளுக்குள் தேடினோம். பிழை கேபிளில் இருந்தது. மானிட்டர் தன்னுடைய அளவு என்ன என்பதைக் கேபிள் வழியாகக் கணினிக்குச் சொல்கிறது. விஜிஏ கேபிளில் 15 ஊசிகளுக்கு இடம் உண்டு. நிறத்தைக் கொண்டுபோகும் ஊசிகள் வேறு, இந்தச் செய்தியைக் கொண்டுபோகும் ஊசிகள் வேறு. 12 ஆவது, 15 ஆவது ஊசிகளில் ஒன்று வளைந்தாலோ முறிந்தாலோ படம் நன்றாகத் தெரியும், ஆனால் கணினிக்கு மானிட்டரின் அளவு தெரியாமல் போகும். பாதுகாப்புக்காகச் சின்ன அளவைக் கொடுக்கும். பக்கத்துக் கணினியின் கேபிளை மாற்றிக் கொழுவிய உடனே சரியானது. பார்க்கும்போது ஒன்றைக் கவனியுங்கள்: 9 ஆவது ஊசி பல கேபிள்களில் இயல்பாகவே இருக்காது. அது முறிவு இல்லை.

இரண்டாவது, எழுத்து. எங்களுக்கு மிக முக்கியமான படி இது.

இலங்கையில் ஆசிரியர்களிடம் இருக்கும் பழைய வினாத்தாள்களில் பெரும்பகுதி பாமினியில்தான் கிடக்கிறது. பாமினி என்பது உண்மையில் ஒரு வேஷம். 'தமிழ்' என்று பாமினியில் அடித்தால் கணினிக்குள் பதிவாவது ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி. அந்த ஆங்கில எழுத்துகளுக்கு மேல் தமிழ் உருவம் போர்த்தப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான். பாமினி இல்லாத கணினியில் திறந்தால் போர்வை நழுவி, அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துகள் மட்டும் மிஞ்சும். கூகுளில் தேட முடியாது. பார்வைக் குறைபாடுள்ள பிள்ளைக்கு வாசித்துக் காட்டும் மென்பொருளாலும் அதை வாசிக்க முடியாது.

யுனிகோட் அப்படியல்ல. 1991 இல் வந்த முதல் பதிப்பிலேயே தமிழுக்குத் தனி இடம் இருந்தது. ஆனால் 247 எழுத்துகளுக்கும் தனித்தனி எண் கிடையாது. 'கொ' என்றால் 'க' ஒன்று, அதோடு ஒகரக் குறி ஒன்று. அந்தக் குறியின் கொம்பை 'க'வுக்கு முன்னாலும் காலைப் பின்னாலும் வைத்துக் காட்ட வேண்டியது மென்பொருளின் வேலை. அந்த வேலை தெரியாத பழைய மென்பொருளில்தான் கொம்பு இடம் மாறி நிற்கும், அல்லது புள்ளி வட்டம் வரும். எழுத்துருவே இல்லாவிட்டால் வெறும் கட்டம். அந்தக் கட்டத்துக்குக் கணினி உலகில் 'டோஃபு' என்று பட்டப்பெயர். சோயாவில் செய்யும் கட்டி மாதிரி இருக்கிறதாம். கூகுள் வெளியிட்ட நோட்டோ எழுத்துருக்களின் பெயரே 'டோஃபு வேண்டாம்' என்ற கருத்தில் வைத்ததுதான்.

லினக்ஸில் கொம்பையும் காலையும் இடம் பார்த்து வைக்கும் மென்பொருளின் பெயர் ஹார்ஃப்பஸ். லிப்ரே ஆபீஸ், பயர்பொக்ஸ், எங்கள் கையிலிருக்கும் அன்ட்ரொயிட் போன் எல்லாவற்றுக்குள்ளும் அது இருக்கிறது. பெயரைப் பார்த்து எங்களுக்குச் சந்தோஷம். குர்ஆன் மத்ரஸாவில் முதல் நாள் படிக்கும் அதே 'ஹர்ஃப்' தான். பாரசீகத்தில் 'திறந்த எழுத்து' என்ற பொருளில் வைத்த பெயர். இஸ்லாம் பாட வினாத்தாளில் அரபு எழுத்துகளை வலமிருந்து இடமாகச் சேர்த்துக் கொடுப்பதும் அதுதான், பக்கத்திலேயே தமிழ்க் கொம்பை வைப்பதும் அதுதான். ஒரே தாளில் இரண்டும் பிசகாமல் வந்ததைப் பார்த்துத் திருப்திப்பட்டோம். எங்கள் மூதாதையர் தமிழை அரபு எழுத்தில் எழுத, அரபியில் இல்லாத ஓசைகளுக்காக எழுத்துகளுக்குக் கூடுதல் புள்ளிகள் இட்டு அரபுத்தமிழை உண்டாக்கினார்கள். எழுத்தையும் ஓசையையும் பொருத்தும் இந்தத் தலையிடி எங்களுக்குப் புதிதல்ல.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். நோட்டோ தமிழ், லோஹித் தமிழ் எழுத்துருக்களைப் பதியுங்கள். பாமினியில் விரல் பழகிய ஆசிரியர்கள் பயப்பட வேண்டாம். லினக்ஸின் தமிழ் உள்ளீட்டு முறைகளில் ரங்கநாதன் விசைப்பலகை இருக்கிறது. பழைய தட்டச்சு முறைதான், பெரும்பாலும் அதே விரல்கள், ஆனால் உள்ளே பதிவாவது யுனிகோட். எங்கள் மூத்த ஆசிரியை ஒருவர் அரை மணித்தியாலத்தில் பிடித்துக்கொண்டார். வெளியில் அடிக்க வேண்டியிருந்தால் வேர்ட் கோப்பைக் கொண்டுபோகாதீர்கள். பிடிஎஃப் ஆக மாற்றிக் கொண்டுபோங்கள். எழுத்துரு கோப்புக்குள்ளேயே பொதிந்து போகும், கடைக் கணினியில் அது இருக்கிறதா இல்லையா என்ற கவலை இல்லை.

மூன்றாவது, வரிசை. லினக்ஸில் அச்சு வேலையைக் கவனிப்பது கப்ஸ் என்ற மென்பொருள், 1999 இல் வந்தது. நாங்கள் அடிக்கச் சொல்லும் ஒவ்வொன்றும் அதன் வரிசையில் போய் நிற்கும். நடுவில் யாரோ யுஎஸ்பி கேபிளில் கால் தட்டினாலோ, கரண்ட் போய் வந்தாலோ, பல கணினிகளில் கப்ஸ் அந்தப் பிரின்டரை 'நிறுத்தி வைக்கப்பட்டது' என்று குறித்துவிட்டுச் சும்மா இருக்கும். பிரின்டரில் பச்சை விளக்கு எரியும். தாள் இருக்கும். ஒன்றும் வராது. நாங்கள் மீண்டும் மீண்டும் அழுத்த அழுத்த வரிசை நீளும். இணைய உலாவியைத் திறந்து, முகவரியில் லோக்கல்ஹோஸ்ட், முக்காற்புள்ளி, 631 என்று அடியுங்கள். இன்டர்நெட் தேவையில்லை, அது உங்கள் கணினிக்குள்ளேயே இருக்கும் பக்கம். பழைய வேலைகளை ரத்துச் செய்துவிட்டு, பிரின்டரைத் 'தொடரச்' சொன்னால் போதும். 'பழுது' என்று ஓரமாக ஒதுக்கி வைத்திருந்த ஒரு பிரின்டருக்கு இருந்த நோய் இவ்வளவுதான்.

இன்னொரு பிரின்டர் அதற்கும் மசியவில்லை. விலை குறைந்த சில லேசர் பிரின்டர்களுக்கு நினைவு கிடையாது. ஒவ்வொரு தடவை ஓன் செய்யும்போதும் அதன் உள் நிரலைக் கணினிதான் அனுப்ப வேண்டும். விண்டோஸில் டிரைவர் இதை எங்களுக்குத் தெரியாமலே செய்துவிடும். லினக்ஸில் அந்த மாதிரிக்குரிய பொதியைத் தேடி ஒரு தடவை பதிந்துவிட்டால், பிறகு தானாக நடக்கும். இன்டர்நெட் சிக்னல் தேடி, எங்கள் பிள்ளைகளில் ஒருவன் போனைத் தூக்கிக்கொண்டு கோயில் மேட்டுக்கு ஏறித்தான் அதை இறக்கினான்.

நான்காவது, தாள். எங்கள் பக்கத்துப் பனியும் மழையும் தாளுக்குள் ஏறும். ஈரம் ஏறிய தாள் லேசர் பிரின்டரின் சூட்டில் சுருளும், இரண்டு மூன்றாக ஒட்டி இழுபடும், சிக்கும். பக்கத்தின் ஓரத்தில் மை மங்கும். டோனர் முடிந்தது என்று நினைத்துக் காசைச் செலவழிக்க முன்னர் புதிதாகப் பிரித்த கட்டிலிருந்து பத்துத் தாளை வைத்துப் பாருங்கள். மிச்சத் தாளை பொலித்தீனில் சுற்றி, மூடியுள்ள பிஸ்கட் டின்னில் வையுங்கள். இரவில் தாளை டிரேயில் விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

இந்த நான்கு படிகளையும் தாண்டியபோது 11 கணினிகளில் 7 ஓடின. இரண்டைக் கழற்றி மற்றவற்றுக்கு உதிரிப் பாகமாக்கினோம். மிச்சம் இரண்டும் மௌத்து, அதில் சந்தேகமில்லை.

ஆனால் உண்மையான வேலை அதற்குப் பிறகுதான் தொடங்கியது. பாமினிக் கோப்புகளை யுனிகோடாக மாற்றுவது. இதற்கு இணையத்தில் மாற்றிகள் உண்டு, ஒட்டினால் ஒரு நொடியில் மாற்றிவிடும். சரித்திரம், தமிழ், சமயப் பாடங்களில் பெரும்பாலும் சரியாக வரும். கணித வினாத்தாளைப் போட்டபோது சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. பாமினியில் ஆங்கில எக்ஸ் எழுத்து இருக்கும் இடத்தில் இருப்பது 'ஒ'. 'பெரிது' என்ற குறி இருக்கும் இடத்தில் இருப்பது காற்புள்ளி. ஆகவே 'எக்ஸ் 5 ஐ விடப் பெரிது' என்ற சமனிலி 'ஒ, 5' என்று வந்து நின்றது. மாற்றி செய்தது அதன் கணக்குப்படி சரி. எது தமிழ், எது கணிதம் என்று அதற்குத் தெரியாது. அதைத் தெரிந்த கண் வேண்டும்.

அந்தக் கண்கள் எங்கள் பிள்ளைகளுடையவை. நான்கு பேரும் ஒவ்வொரு தாளையும் பழைய பிரதியோடு வரிக்கு வரி ஒப்பிட்டுத் திருத்தினார்கள். தாங்கள் எழுதிய பரீட்சையின் வினாக்களைத் தங்கள் தம்பி தங்கைகளுக்காகத் திருத்துகிறார்கள். கொழுந்து பறித்துவிட்டு வந்த தாய் ஒருவர் ஜன்னலருகில் நின்று பார்த்துவிட்டு, "எங்க புள்ளையா சார் இதெல்லாம் செய்யுது?" என்று கேட்டார். "ஆமாம் அம்மா, இவ இல்லாட்டி இந்த வேல முடிஞ்சிருக்காது" என்று சொன்னோம். அது உபசாரத்துக்காகச் சொன்னதல்ல.

அச்சு என்பது எங்கள் இரு சமூகத்துக்கும் பெரிய விஷயமாக இருந்திருக்கிறது. சித்திலெப்பை 1882 இல் கண்டியிலிருந்து 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தொடங்கினார். தோட்டத் தொழிலாளருக்காகக் கோ. நடேசய்யர் பத்திரிகைகள் நடத்தினார். அவரும் மீனாட்சி அம்மையும் தொழிலாளருக்கான பாடல்களை அச்சிட்டுத் தோட்டங்களுக்குக் கொண்டுபோனார்கள். சொந்த மொழியில், சொந்தக் கையால் அச்சிட முடிந்தபோதுதான் அவர்கள் சொல்ல வந்தது போய்ச் சேர்ந்தது. ஒரு தரம் 4 வினாத்தாள் அவ்வளவு பெரிய விஷயமா என்று கேட்கலாம். அந்தப் பிள்ளைக்கு அன்று அதுதான் பெரிய விஷயம்.

போன தவணையில் தரம் 3 முதல் 9 வரை எல்லாத் தாள்களையும் பாடசாலையிலேயே அடித்தோம், அல்ஹம்துலில்லாஹ். கட்டம் ஒன்றும் விழவில்லை. வினாக்களில் இரண்டு இடத்தில் எழுத்துப்பிழை இருந்ததை ஒரு மாணவி கண்டுபிடித்துச் சொன்னாள். அது எங்களுக்கு மகிழ்ச்சி. இப்போது பிள்ளைகள் தாளில் பிழை இருக்கலாம் என்று நினைக்கப் பழகியிருக்கிறார்கள்.

ஆகவே அதிபர்மாருக்கும் ஆசிரியர்களுக்கும் எங்கள் வேண்டுகோள். பழைய கணினிகளைக் கழித்துவிடும் பட்டியலில் சேர்க்க முன்னர் இந்த நான்கு படிகளையும் ஒருமுறை பாருங்கள். பாமினிக் கோப்புகளை அழிக்காதீர்கள், அதில் பல வருட உழைப்பு இருக்கிறது. கொழும்பில் ஐடி துறையில் வேலை செய்யும் எங்கள் ஊர்த் தம்பி தங்கைகள் பெருநாளைக்கோ தீபாவளிக்கோ வீட்டுக்கு வரும்போது, பக்கத்துத் தோட்டப் பாடசாலைக்கு ஒரு நாளைக் கொடுங்கள்.

வரும் விடுமுறையில் இரண்டு சனிக்கிழமைகளில் எங்கள் ஐசிடி ரூம் திறந்திருக்கும், இன்ஷா அல்லாஹ். எந்தப் பாடசாலையும் வரலாம், கட்டணம் இல்லை. பென் டிரைவில் கோப்புகளையும், சந்தேகமுள்ள கணினியையும் கொண்டு வாருங்கள். மறக்காமல் அதனுடைய மானிட்டர் கேபிளையும் கொண்டு வாருங்கள்.